விளையாட்டும் குழந்தையின் சமூக வளர்ச்சியும்

குழந்தை பிறருடன் பழகவும், தன் முறைக்காகக் காத்திருக்கவும், விட்டுக்கொடுக்கவும், தோல்வியைத் தாங்கவும் கற்றுக்கொள்ளும் முதன்மையான களம் விளையாட்டே ஆகும். இப்பண்புகளை அறிவுரையால் மட்டும் ஊட்ட இயலாது. மற்றொரு குழந்தையுடன் சேர்ந்து ஆடும்போதே அவை படிகின்றன.

திண்டுக்கல் நகரிலிருந்து வேடசந்தூர் செல்லும் வழியில், குடகனாற்றங்கரையில் அமைந்துள்ள தாடிக்கொம்பு போன்ற ஊர்களில், பெற்றோர் இருவரும் நூற்பாலைக்கோ தோட்ட வேலைக்கோ செல்லும் குடும்பங்கள் பல. பகல் முழுவதும் குழந்தையைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் அப்பத்தா அல்லது அம்மாச்சி. அத்தகைய வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று கைப்பேசியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அமைதியாக அமர்ந்திருந்தால், "தொந்தரவு இல்லாத பிள்ளை" என்று பெரியவர்கள் நிம்மதி அடைவது இயல்பு. ஆயினும் தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடும் ஒலி கேட்டும் அக்குழந்தை எழுந்து பார்ப்பதில்லை என்றால், அந்த அமைதியைக் கவனித்தாக வேண்டும். பழகும் வாய்ப்பு கிடைக்காமையால் அது அவ்வாறு இருக்கலாம். செவித்திறன் குறைபாடோ வளர்ச்சித் தாமதமோ காரணமாகவும் இருக்கலாம். இரண்டையும் முன்கூட்டியே கண்டறிந்தால் பெருமளவு உதவ முடியும்.

விளையாட்டின் வழியே சமூகப் பண்புகள் எவ்வாறு வளர்கின்றன, பெரியவர்கள் செய்ய வேண்டியவை யாவை, எந்நிலையில் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சமூக வளர்ச்சி என்பது யாது?

பிறர் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையை உணர்தல், தன் விருப்பத்தைத் தெரிவித்தல், சினத்தை அடக்குதல், நட்புக்கொள்ளுதல், பொதுவான விதிக்குக் கட்டுப்படுதல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவரப்பெறுவதே சமூக வளர்ச்சி எனப்படும். நடை, பேச்சு ஆகியவற்றைப் போலவே இதற்கும் படிநிலைகள் உண்டு; குழந்தைக்குக் குழந்தை வேகம் சற்று மாறுபடும்.

நம் முன்னோரும் இப்படிநிலைகளை உற்றுநோக்கியுள்ளனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. குழந்தை கைகொட்டி மகிழ்வது சப்பாணிப் பருவம். தொலைவிலுள்ள நிலவைத் தன்னுடன் விளையாட வருமாறு அழைப்பது அம்புலிப் பருவம். சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் எனச் சிறுவனை வேண்டுவது சிற்றில் பருவம். தன் கைகளில் தொடங்கும் விளையாட்டு, பெரியவருடன் சேர்ந்து ஒரே பொருளை நோக்குவதாக வளர்ந்து, பின்னர் ஒத்த வயதுப் பிள்ளைகளுடன் பூசலும் உறவுமாக விரிவதை இவ்வரிசை காட்டுகிறது. இன்றைய குழந்தை நல அறிவியலும் ஏறத்தாழ இதே வரிசையையே கூறுகிறது.

வயதுக்கேற்ப மாறும் விளையாட்டு

பிறப்பு முதல் 1 வயது வரை: ஏறத்தாழ 2 மாதத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. அதற்கு நீங்கள் சிரித்தால், அது மீண்டும் சிரிக்கிறது. மாறி மாறி நிகழும் இச்செயலே முதல் விளையாட்டு; பிற்காலத்தில் உரையாடலில் முறை வைத்துப் பேசுவதற்கும் இதுவே அடித்தளம். 8 அல்லது 9 மாதத்தில், முகத்தைத் துணியால் மூடித் திறந்து காட்டும் விளையாட்டில் பெருமகிழ்ச்சி கொள்ளும். மறைந்தவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை இவ்வாறு உருவாகிறது.

1 முதல் 2 வயது வரை: தனக்கு வியப்பூட்டும் காக்கையையோ பேருந்தையோ விரலால் சுட்டிக்காட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். "நான் காண்பதை நீயும் காண்" என்பதே அச்செய்கையின் பொருள். ஒன்றரை வயதை ஒட்டி, வெறுங் குவளையை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் நடிக்கும். பொம்மைக்குச் சோறு ஊட்டும்.

2 முதல் 3 வயது வரை: மற்றொரு குழந்தையின் அருகில் அமர்ந்து, அதே மணலில், தனித்தனியே விளையாடும். இது இணை விளையாட்டு எனப்படும். ஒருவருடன் ஒருவர் பேசாவிடினும், ஓரக்கண்ணால் பார்த்துப் பின்பற்றுவர். இவ்வயதில் பொம்மையைப் பகிர்ந்துகொள்ள மறுப்பது இயல்பு. அதனைப் பிடிவாதம் எனக் கருதித் தண்டித்தல் கூடாது.

3 முதல் 5 வயது வரை: பொருள்களைக் கொடுத்து வாங்கத் தொடங்குவர், பிறகு, "நீ அம்மா, நான் கடைக்காரர்" எனப் பங்கு பிரித்துக்கொண்டு கூடி விளையாடுவர்.

5 வயதுக்கு மேல்: விதிகள் உள்ள விளையாட்டுகளில் ஈடுபாடு மிகும். பாண்டி, கல்லா மண்ணா, கோலி, கிட்டிப்புள், சடுகுடு ஆகியவை இவ்வகையின.

தனித்து ஆடுதல், அருகிருந்து ஆடுதல், கூடி ஆடுதல் என்னும் இப்பகுப்பை, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை உற்றுநோக்கி மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர் 1932-இல் வெளியிட்டார். இவை கண்டிப்பான ஏணிப்படிகள் அல்ல. கூடி ஆடத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தையும் சில வேளைகளில் தனியே அமர்ந்து ஆட விரும்பும்; அது குறையன்று.

ஒரு கண்ணாமூச்சி ஆட்டத்தில் நிகழ்வன

வெயில் தணிந்த மாலையில் ஐந்தாறு பிள்ளைகள் தெருவில் கண்ணாமூச்சி ஆடத் தொடங்குவதாகக் கொள்வோம். பெரியவர் கண்ணுக்கு அது வெறும் ஓட்டமும் கூச்சலுமாகத் தோன்றும். அதனுள் நிகழும் பயிற்சிகள் பின்வருவன:

1. முதலில் "சா பூ த்ரீ" போட்டு, கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டியவர் யார் என முடிவு செய்கின்றனர். பெரிய பிள்ளையாயினும் சிறிய பிள்ளையாயினும் கையில் விழுந்த முடிவை ஏற்றாக வேண்டும். எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்று உண்டு என்பதைக் குழந்தை இங்கு அறிகிறது.

2. கண்ணைப் பொத்தி எண்ணும் பிள்ளைக்கு விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் ஆசை எழுகிறது. ஆயினும் அது அடக்கிக்கொள்கிறது. கடைக்குப் போனால் மிட்டாய்க்காக ஒரு நிமிடம் பொறுக்காத குழந்தையும் விளையாட்டில் பொறுக்கும். விளையாட்டின் விதியைத் தானே விரும்பி ஏற்பதால் குழந்தைக்குத் தன்னடக்கம் கைவருகிறது என ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி விளக்கினார்.

3. ஒளியும் பிள்ளை, "தேடி வருபவர் கண்ணுக்கு நான் தெரிவேனா?" என்று சிந்திக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை தன் கண்ணை மூடிக்கொண்டு தான் மறைந்துவிட்டதாக எண்ணும். ஏறத்தாழ நான்கு வயதில், தான் அறிந்ததைப் பிறர் அறியாதிருக்கலாம் என்பது புலப்படத் தொடங்குகிறது. பிறர் நிலையில் நின்று பார்க்கும் இத்திறனே பிற்காலத்தில் இரக்கத்திற்கும் நட்பிற்கும் துணையாகிறது.

4. பிடிபட்ட பிள்ளைக்கு அழுகை வரும். ஆயினும் அழுதால் ஆட்டம் நின்றுவிடும். அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த முறைக்கு ஆயத்தமாகிறது. தோல்வி என்பது ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியது என்னும் இப்பாடம், தேர்வும் வேலையும் வரும் காலத்திலும் பயன்படும்.

5. அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்று வயதுக் குழந்தையை "ஒப்புக்குச் சப்பாணி" எனச் சேர்த்துக்கொள்கின்றனர். அது எல்லோருடனும் ஓடும். ஆனால் பிடிபட்டாலும் கணக்கில் வராது. சிறு குழந்தை விதியை அருகிருந்து கற்கவும், மூத்த பிள்ளைகள் எளியோரை அரவணைக்கவும் இவ்வழக்கம் இடமளிக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்பறையில் இவ்வாய்ப்புக் கிடைப்பது அரிது.

சண்டையும் சமாதானமும்

விளையாட்டில் "போங்காட்டம்" என்ற குற்றச்சாட்டு எழாத நாள் இல்லை. சண்டை மூண்டு, "உன்னோடு காய்" என்று பிரிவர். சற்று நேரத்திலோ மறுநாளோ "பழம்" விட்டுச் சேர்வர். உறவை முறித்தல், பிரிவை உணர்தல், மீண்டும் இணைதல் ஆகிய மூன்றையும் பெரியவர் தலையீடின்றிச் செய்ய இவ்வழக்கம் உதவுகிறது. ஆகவே சண்டை வந்தவுடன் குழந்தையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது, சமாதானம் செய்யக் கற்கும் வாய்ப்பையும் பறித்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களிடம் விதிகளைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்து 1932-இல் நூலாக வெளியிட்டார். சிறிய பிள்ளைகள் விதி என்பது மாற்ற முடியாதது எனக் கருதினர். ஏறத்தாழ 10 வயதை அடைந்தவர்கள், அனைவரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என அறிந்திருந்தனர். நியாயம் என்பது பேசி முடிவு செய்யக்கூடியது என்னும் இவ்வறிவு, ஒத்தவர்களுடன் வாதிட்டுப் பெறப்படுவது.

அதேவேளை, எல்லாச் சண்டையும் விளையாட்டுச் சண்டையன்று. அடித்துக் காயப்படுத்துதல், ஒரே குழந்தையை நாள்தோறும் ஒதுக்குதல், சாதி, நிறம், உடற்குறை ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவை நிகழ்ந்தால் பெரியவர்கள் உடனே தலையிட வேண்டும்.

நடிப்பு விளையாட்டின் பயன்

கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்பிச் சோறாக்குதல், கடை வைத்தல், பூக்கட்டி விற்றல், மருத்துவராகி ஊசி போடுதல் ஆகியவற்றில் குழந்தை தான் காணும் உலகைத் திரும்ப நடித்துப் பார்க்கிறது. அம்மாவாக நடிக்கும் குழந்தை அம்மாவின் சொற்களையும் கவலையையும் எடுத்துக்கொள்கிறது. ஊசிக்கு அஞ்சும் குழந்தை பொம்மைக்கு ஊசி போட்டு அச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் படுக்கையிலேயே இத்தகைய விளையாட்டு தேவை. மருத்துவர் அனுமதிக்கும் அளவில் உடன்பிறந்தோரும் சேர்ந்து ஆடலாம்.

விலையுயர்ந்த பொம்மைகள் இதற்குத் தேவையில்லை. பழைய பாத்திரம், அட்டைப் பெட்டி, துணி, மணல், இலை ஆகியவை போதும்.

அங்கன்வாடியில் விளையாட்டு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நம் நாட்டில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்களைச் சத்துணவும் சத்துமாவும் வழங்கும் இடங்களாக மட்டுமே பலர் கருதுகின்றனர். முன்பருவக் கல்வியும் அவற்றின் முதன்மைப் பணியாகும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்பதாகும்.

வட்டமாக அமர்ந்து பாடுதல், வரிசையில் நின்று கை கழுவுதல், ஒரே பந்தைப் பலர் மாற்றி உருட்டுதல் ஆகியவை எழுத்தறிவுக்கு முன்பே குழந்தை பெற வேண்டிய பயிற்சிகள். "அங்கே விளையாட மட்டும்தான் விடுகிறார்கள்" என்று எண்ணிக் குழந்தையை அனுப்பாமல் இருத்தல் கூடாது. தெருவில் ஒத்த வயதுப் பிள்ளைகள் இல்லாத குழந்தைக்கு அங்கன்வாடியே முதல் நண்பர் குழாம்.

கைப்பேசி விளையாட்டுக்கு ஈடாகுமா?

ஈடாகாது. திரையில் ஓடும் படம் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சிரிப்பதில்லை. முறைக்குக் காத்திருக்கச் சொல்வதில்லை. "காய்" விடுவதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை நேரம் பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மிகாமல், இயன்றவரை குறைவாக இருத்தல் நன்று. 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 3 மணி நேரமாவது ஓடியாடி இயங்க வேண்டும் எனவும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

வீட்டில் தனியே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதியவருக்கு ஓய்வு தேவை என்பதும் உண்மை. சோறூட்டும் வேளையிலும் உறங்கும் முன்பும் கைப்பேசி தருவதை முதலில் நிறுத்துங்கள். அந்நேரத்தில் கதை, பாட்டு, காக்கை குருவி காட்டுதல் ஆகியவற்றைச் செய்யலாம். அக்கம்பக்கத்துப் பாட்டிமார் இருவர் மூவர் முறைவைத்துப் பிள்ளைகளை ஒரே திண்ணையில் கூட்டிப் பார்த்துக்கொண்டால், பெரியவருக்கு ஓய்வும் குழந்தைக்குத் தோழமையும் கிடைக்கும்.

பெற்றோரும் பராமரிப்போரும் செய்ய வேண்டியவை

• நாள்தோறும் பிற பிள்ளைகளுடன் விளையாட நேரம் ஒதுக்குங்கள். பள்ளி முடிந்தவுடன் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள்.

• மூன்று வயது வரை நீங்களே விளையாட்டுத் தோழர். தரையில் அமர்ந்து, குழந்தை தொடங்கும் விளையாட்டைப் பின்தொடருங்கள்.

• பிள்ளைகள் கூடி ஆடும்போது கண்பார்வைக்குள் இருங்கள். விதி சொல்லவோ வெற்றி தோல்வியைத் தீர்க்கவோ விரைந்து செல்லாதீர்கள்.

• சண்டையில் குழந்தை உங்களிடம் ஓடி வந்தால், "யார் தவறு?" என்று கேட்பதற்கு முன், "என்ன நடந்தது? இப்போது என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

• தாயம், பல்லாங்குழி போன்றவற்றை வீட்டில் தாத்தா பாட்டியுடன் ஆடச் செய்யுங்கள். குழந்தை அழும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொடுக்க வேண்டாம்.

• பெண் குழந்தைகளை வீட்டு வேலைக்காகவோ வயதைக் காட்டியோ விளையாட்டிலிருந்து நிறுத்தாதீர்கள். விளையாடுவது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) 31-ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றுள்ளது.

• பாதுகாப்பை உறுதி செய்யுங்கள். நெடுஞ்சாலை ஓரம், கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணறு, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் ஆகியவற்றின் அருகில் விளையாட விடாதீர்கள். கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியில் விளையாடச் செய்து, இடையிடையே குடிநீர் கொடுங்கள். புளியங்கொட்டை, சோழி, கோலி போன்ற சிறு பொருள்களை 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அவை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும்.

எந்நிலையில் ஆலோசனை பெற வேண்டும்?

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்:

• 6 மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை
• 12 மாதம் ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
• 18 மாதம் ஆகியும் விரலால் சுட்டிக்காட்டாமை அல்லது ஒரு சொல்லும் பேசாமை
• 2 வயது ஆகியும் பாவனை விளையாட்டு எதுவும் இல்லாமை
• 3 வயது ஆகியும் மற்ற குழந்தைகளை நாடாமை. பொருளை வரிசையாக அடுக்குதல், சக்கரத்தை மட்டும் சுழற்றுதல் போன்ற ஒரே செயலில் நெடுநேரம் ஆழ்ந்திருத்தல்
• எந்த வயதிலும், முன்பு இருந்த பேச்சோ சிரிப்போ விளையாட்டோ மறைந்துபோதல்

இவை இருப்பதனாலேயே குழந்தைக்கு நோய் உள்ளது எனக் கொள்ளுதல் வேண்டா. முதலில் செவித்திறன் பரிசோதிக்கப்படும். பிறகு வளர்ச்சி மதிப்பீடு செய்யப்படும். "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று காத்திருப்பதே பெரும்பாலான தாமதத்திற்குக் காரணம். மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும். ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடுகள் பெற்றோரின் வளர்ப்புக் குறையால் வருவன அல்ல. கைப்பேசி தந்தமைக்காகப் பாட்டியையோ வேலைக்குச் சென்றமைக்காகத் தாயையோ குறைகூறுதல் தவறு.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தையும் விளையாட்டும்

செவித்திறன் குறைந்த, நடக்க இயலாத, அல்லது ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் தோழமை தேவை. அக்குழந்தையை என்றும் ஒப்புக்குச் சப்பாணியாகவே வைத்திருத்தல் போதாது. விதியைச் சற்று மாற்றினால் அதற்கும் முறையான இடம் கிடைக்கும். ஓட முடியாத பிள்ளை எண்ணிச் சொல்பவராகவோ பந்து வீசுபவராகவோ இருக்கலாம். கேட்க இயலாத பிள்ளைக்குக் குரலுக்குப் பதில் கைக்குட்டையை அசைத்துக் காட்டலாம். கூட்டத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு முதலில் ஒரே ஒரு தோழருடன், குறைந்த நேர விளையாட்டு ஏற்றது. மற்ற பிள்ளைகளிடம் இதை எளிமையாகச் சொன்னால், பெரும்பாலும் அவர்களே வழி கண்டுபிடிப்பர்.

எங்கு அணுகுவது?

தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி நிலைகள் குறிக்கப்பட்டுள்ளன. அதனை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிப் பணியாளரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ முதலில் அணுகலாம். ராஷ்ட்ரிய பால் சுவஸ்திய காரியகிரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின்கீழ் (2013) நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்பி, உங்கள் ஐயங்களையும் தெரிவியுங்கள். தேவைப்படுவோர் மேல் மதிப்பீட்டிற்கும் பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றிற்கும் பரிந்துரைக்கப்படுவர். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலும் நேரடியாகவும் ஆலோசனை பெறலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், பராமரிப்பவரின் மன உளைச்சலுக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நினைவில் கொள்க

இன்று மாலை உங்கள் குழந்தை மற்ற பிள்ளைகளுடன் எவ்வாறு விளையாடுகிறது என்பதைப் பத்து நிமிடம் பேசாமல் இருந்து கவனியுங்கள். யாரை நாடுகிறது, எதற்குச் சிரிக்கிறது, ஏமாற்றத்தை எவ்வாறு தாங்குகிறது என்பவை புலப்படும். எதுவும் கவலையளித்தால் அதனைக் குறித்துக்கொண்டு சுகாதாரப் பணியாளரிடம் கூறுங்கள். கவலை இல்லையெனில் விளக்கு வைக்கும் நேரம் வரை விளையாட விடுங்கள்.